மாமாவின் லென்ஸும் ஆறேகால் மில்லிமீற்றர் ஓட்டையும்

நல்லூர்த் திருவிழா முடிந்து கச்சான் கடைகள் கழன்று போன கிழமை, மாமா வீட்டு அலுமாரியை ஒதுக்கிக் கொடுக்கப் போன இடத்தில் பழைய பால்மா ரின் ஒன்று அகப்பட்டது. திறந்தால் உள்ளே பருத்தித் துணியில் சுற்றிய லென்ஸ். மாமா சுன்னாகத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1995இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது கமராவை விட்டுவிட்டு லென்ஸை மட்டும் இந்த ரின்னுக்குள் போட்டுக்கொண்டு போனாராம், ஏனென்று கேட்டால் இப்போதும் சிரிப்பார், பதில் வராது.

50 மி.மீ. குவியத்தூரம், முழுக்கத் திறந்தால் எஃப்2 (எஃப் எண் சிறிதென்றால் துவாரம் பெரிது), கமராவில் திருகிப் பூட்டும் எம்42 மரை. என் மிரர்லெஸ் கமராவுக்கு எம்42 அடப்டர் ஏற்கெனவே கையில் இருந்தது. பூட்டி ஒரு படம் எடுத்தேன், இருட்டாக வந்தது. முன்கண்ணாடிக்குள் பார்த்தால் வெளிச்சம் போகும் துவாரம், அதாவது அப்பர்ச்சர், எஃப்11 மட்டுக்கும் மூடிக் கிடக்கிறது, வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசைவில்லை.

"உதின்ர இலை இறுகிக் கிடக்குது. அதாலதான் தூக்கி வைச்சனான்" என்றார் மாமா. அப்பர்ச்சர் தகடுகளை அவர் இலை என்றுதான் சொல்வார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

"கழட்டிப் பாக்கட்டே மாமா?"

"கழட்டலாம். திருப்பிப் பூட்டுறதுதான் வித்தை."

இலை இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபோகஸ் வளையம் வழுக்கிச் சுழல உள்ளே மரைக்குக் கிறீஸ் பூசியிருப்பார்கள். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் கிறீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து மெல்ல ஊர்ந்து இலைகளுக்கு வந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசியில் அலுமாரிக்குள் என்ன சூடு இருக்குமென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலைகளோ கடதாசியை விட மெல்லியவை, இரண்டு ஈரக் கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வளையத்தைப் பலமாக முறுக்கினால் திறக்காது, முறியும். இது பிறகு எனக்கு நடந்தது.

கழற்றும் வேலைக்குப் பெரிய ஆயுதம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பெயர் எழுதிய முன் வளையத்தைப் பிடித்துச் சுழற்றப் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் துண்டு. உள்ளே இரண்டு பள்ளம் உள்ள வளையத்துக்குத் தங்கச்சியின் பள்ளிக்கூடக் கவராயம், இரண்டு காலையும் அரத்தால் தட்டையாக ராவி எடுத்தது (அவளுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தாயிற்று). ஸ்குறூக்களைப் போட முட்டை மட்டை, ஒவ்வொரு குழிக்கும் ஒரு நம்பர். ஒவ்வொன்றைக் கழற்ற முன்னும் கைப்பேசியில் ஒரு படம். முன்கண்ணாடித் தொகுதி முழுதாகவே ஒரே துண்டாகச் சுழன்று வெளியே வந்தது, அதற்குக் கீழே ஆறு இலையும் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

லைற்றருக்கு ஊற்றும் பெற்றோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மஞ்சளாக வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு இலைகள் கொஞ்சம் அசையத் தொடங்கின. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். முழுக்கத் திறக்கட்டும் என்று வளையத்தை ஒரு இழுவை இழுத்தேன், 'டிக்' என்று சின்னச் சத்தம், ஒரு இலையின் முனையில் இருந்த கடுகளவு ஆணி கழன்று மேசையில் உருண்டு போனது. சுப்பர் குளூவால் ஒட்டிப் பார்த்தேன், கண்ணாடிகளைத் தூர வைத்துவிட்டுத்தான், ஏனென்றால் அந்தப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடியில் வெள்ளை படரும். ஒட்டியது ஒரு சுற்றுக்குத் தாங்கியது, அடுத்த சுற்றில் மறுபடியும் டிக்.

மாமா வந்து பார்த்தார். ஏசவில்லை. "இலை இல்லாட்டி ஓட்டை போடு" என்றுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது புதிய விஷயமில்லை. இலை வைத்த அப்பர்ச்சர் பரவலாக வர முன்னர் வெவ்வேறு அளவு ஓட்டை போட்ட தகடுகளை லென்ஸுக்குள் செருகித்தான் படமெடுத்தார்கள். இங்கிலாந்தில் ஹலிஃபக்ஸைச் சேர்ந்த ஜோன் வோட்டர்ஹவுஸ் 1858இல் கொண்டுவந்த ஏற்பாடு, அவர் பெயரிலேயே வோட்டர்ஹவுஸ் ஸ்டொப் என்று சொல்வார்கள். ஆறு இலையையும் கழற்றி ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, தகடு வெட்டும் வேலையில் இறங்கினேன்.

கணக்கு லேசு என்று நினைத்தேன். எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்8 வேண்டுமென்றால் 50ஐ 8ஆல் வகுக்க 6.25, அதாவது ஆறேகால் மில்லிமீற்றர் ஓட்டை. கறுப்பு மட்டையில் ஒன்று வெட்டி, முதலில் லென்ஸின் முன்னால், ஃபில்டர் பூட்டும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். வடக்குப் பார்த்த வெள்ளைச் சுவர், வெயில் விழாத நேரம், ஐஎஸ்ஓவை (சென்சரின் உணர்திறனை) மாற்றவில்லை. மட்டை இல்லாமல் எஃப்2இல் கமரா 1/1000 செக்கன் ஷட்டர் நேரம் காட்டியது. மட்டை வைத்ததும் 1/60. எஃப்2இலிருந்து எஃப்8க்கு நாலு படி, ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும், ஆகவே வெளிச்சம் பதினாறில் ஒன்று, 1000ஐப் பதினாறால் வகுத்தால் அறுபதுக்குக் கிட்ட. அச்சொட்டாகச் சரி.

அதே மட்டையை இப்போது உள்ளே, இலைகள் இருந்த குழிக்குள் வைத்து முன்கண்ணாடியைப் பூட்டினேன். அதே சுவர், ஐந்து நிமிட இடைவெளி. கமரா 1/100 காட்டுகிறது.

முகில் விலகியிருக்கும் என்று நினைத்து மட்டையைத் திரும்ப முன்னால் வைத்தேன், 1/60. உள்ளே வைத்தேன், 1/100. ஓட்டை கிழிந்து பெருத்துவிட்டதோ என்று வேர்ணியரால் அளந்தேன், அதே 6.25. மட்டையின் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதோ என்று கறுப்பு ரேப் ஒட்டினேன், மாற்றமில்லை. ஓட்டை ஒன்று, லென்ஸ் ஒன்று, சுவர் ஒன்று, ஆனால் உள்ளே வைத்தால் மூன்றில் இரண்டு படி வெளிச்சம் கூட. அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை.

அடுத்த நாள் காலை லென்ஸைக் கையில் வைத்துச் சும்மா முன்பக்கத்தால் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. உள்ளே இருக்கும் ஓட்டையை நான் நேரே பார்க்கவில்லை, முன்கண்ணாடித் தொகுதிக்கு ஊடாகத்தான் பார்க்கிறேன். அது ஒரு பூதக்கண்ணாடி. கிளாஸ் தண்ணீருக்குள் விட்ட விரல் தடித்துத் தெரிகிற மாதிரி, ஓட்டையும் பெருத்துத் தெரிகிறது. எனக்கு மட்டுமல்ல, சுவரிலிருந்து வருகிற வெளிச்சத்துக்கும் அது பெரிய ஓட்டைதான், ஏனென்றால் முன்கண்ணாடி வெளிச்சத்தைக் கொஞ்சம் குவித்த பிறகுதான் அது ஓட்டைக்கு வந்து சேர்கிறது. ஆகவே 50ஐ வகுக்க வேண்டிய விட்டம் மட்டையில் இருக்கிற ஓட்டையின் விட்டம் இல்லை, முன்னால் நின்று பார்த்தால் தெரிகிற ஓட்டையின் விட்டம். முன்னுக்கு வைத்த மட்டைக்கு முன்னால் கண்ணாடி ஒன்றும் இல்லை, அதுதான் அந்தக் கணக்குச் சரிவந்தது.

எவ்வளவு பெருக்கிறது என்று அளக்க, சரியாக 10 மி.மீ. ஓட்டை போட்ட மட்டையை உள்ளே வைத்து, லென்ஸின் வாயருகே அடிமட்டத்தை ஒட்டி, அறையின் மறு தொங்கலில் நின்று ஸூம் பண்ணிப் படமெடுத்தேன். கிட்ட நின்றால் அடிமட்டமும் ஓட்டையும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் அளவு பிழைக்கும். படத்தில் ஓட்டை 12.5 மி.மீ. என்று வந்தது. ஒன்றேகால் மடங்கு. பழைய 6.25ஐ இதனால் பெருக்கினால் 7.8, 50ஐ 7.8ஆல் வகுத்தால் 6.4. நான் எஃப்8 என்று நினைத்து வைத்தது எஃப்6.4, எஃப்8ஐ விட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே வெளிச்சம், அதுதான் அந்த மூன்றில் இரண்டு படி. கணக்கு மூடியபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

இந்த லென்ஸுக்கு இனி 50 வேண்டாம், 40ஐ வகுத்தால் போதும். எஃப்4க்கு 10 மி.மீ., எஃப்5.6க்கு 7.1, எஃப்8க்கு 5, எஃப்11க்கு 3.6, எஃப்16க்கு 2.5. எஃப்2.8க்கு 14.3. உங்கள் லென்ஸில் பெருக்கம் வேறாக இருக்கும், அளந்துதான் பார்க்க வேண்டும்.

மட்டை நாலு தரம் கழற்றிப் பூட்டினால் நொய்ந்துவிடும், அதனால் குளிர்பானக் கானை வெட்டி விரித்துத் தகடு எடுத்தேன். சின்ன ஓட்டைகளுக்கு 5, 3.5, 2.5 துறப்பண அலகுகளே போதும், தகட்டை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிவிட்டுத் துளைத்தால் விளிம்பு கிழியாது. 7க்கும் 10க்கும் பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் தோல் துளைக்கும் பஞ்ச் இருந்தது, அவர் காசு வாங்க மாட்டேன் என்றார், இவ்வளவு சின்ன வளையம் எந்தச் செருப்புக்கு என்று மட்டும் கேட்டார். 14.3ஐக் கவராயத்தில் பிளேட் கட்டி வெட்டினேன், அது இன்னும் கோணல்தான். தகடு மினுங்கினால் உள்ளே வெளிச்சம் தெறித்துப் படம் வெளிறும். மாமா சொன்னபடி மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் பிடித்துக் கரியேற்றினேன், அந்தக் கறுப்புக்கு நிகர் கிடையாது, ஆனால் தொட்டால் உதிர்ந்து கண்ணாடியில் விழுகிறது. கடைசியில் கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்ற்தான் கை கொடுத்தது. இன்னொன்று, தகட்டின் வெளிவட்டம் இலைக்குழிக்குள் முழுதாக அமர வேண்டும். முதல் தகட்டின் விளிம்பு கண்ணாடித் தொகுதி வந்து முட்டும் இடத்தில் நெரிந்து, முன் பின் கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம் மயிரளவு மாறிவிட்டது, படம் எங்கே ஃபோகஸ் பண்ணினாலும் சோர்ந்து போய் வந்தது.

பிறகு வெளிச்சம். சுவரில் எஃப்2 1/1000, 2.8 1/500, 4 1/250, 5.6 1/125, 8 1/60 என்று படியிறங்கியது, 2.8 மட்டும் கோணல் காரணமாகக் கொஞ்சம் வழுவியது. எண்கள் 2, 2.8, 4, 5.6 என்று விசித்திரமாகப் போவதற்குக் காரணம் இந்தத் தகடுகளை அடுக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: வெளிச்சத்தைத் தீர்மானிப்பது ஓட்டையின் பரப்பு, பரப்புப் பாதியாக வேண்டுமென்றால் விட்டத்தை இரண்டால் வகுக்கக் கூடாது, இரண்டின் வர்க்கமூலத்தால், 1.4ஆல் வகுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் வளவுக்குள் ஐஎஸ்ஓ 100 வைத்து எஃப்16 தகட்டோடு 1/125 எடுத்தேன், நன்றாக வந்தது. தகட்டைக் கழற்றி எஃப்2க்குப் போனால் ஆறு படி, 64 மடங்கு வெளிச்சம், ஷட்டர் 1/8000 வேண்டும். என் கமரா 1/4000இல் முடிகிறது. எங்கள் வெயிலில் அகலத் திறந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் நிழல் தேடி ஓடுவது இதனால்தான்.

தெளிவு ஆழத்தை, அதாவது எவ்வளவு தூரத்துக்குள் இருப்பவை கூராக வருகின்றன என்பதை, பார்க்கக் கதியால் வேலியை விட நல்ல அளவுகோல் இங்கே கிடையாது. பின்வளவு வேலியில் அடிக்கு ஒன்றாகக் கதியால் நிற்கிறது. முக்காலியை வேலியோரம் வைத்து, வேலி நீளத்துக்கு அளவு நாடா கட்டி, 2 மீற்றரில் நிற்கும் கதியாலுக்கு ஃபோகஸ் பண்ணினேன். எஃப்2இல் அந்த ஒரு கதியால்தான், அதன் மரப்பட்டை வெடிப்பு எல்லாம் எண்ணலாம், அடுத்தது ஏற்கெனவே பஞ்சு. நாடாவில் பார்த்தால் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் மட்டும் கூராக இருக்கிறது. எஃப்8இல் அரை மீற்றர், 1.78இலிருந்து 2.29 வரை. எஃப்16இல் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, 1.60இலிருந்து 2.67 வரை, நாலு கதியால். எஃப் எண் இரட்டித்தால் ஆழமும் இரட்டிக்கிறது. தூரத்தின் கதை வேறு: 1 மீற்றருக்குக் கிட்டப் போனால் எஃப்2இல் வெறும் 3 சென்ரிமீற்றர், அதாவது தூரம் பாதியானால் ஆழம் நாலில் ஒன்று. முகப்படம் எடுக்கிறவர்கள் ஒரு கண் தெளிவாக மற்றக் கண் மங்கலாக வந்ததென்று கவலைப்படுவது இந்த 3 சென்ரிமீற்றருக்குள் மூக்கும் இரண்டு கண்ணும் அடங்காததால்தான்.

இந்த எண்களை நாடாவில் மட்டும் பார்த்து எழுதவில்லை, சென்சரில் 0.02 மி.மீ. வரையான மங்கல் வட்டத்தைக் கண் பொறுக்கும் என்று வைத்து, ஏபிஎஸ்-சி அளவுச் சென்சருக்குப் போடும் வழக்கமான கணக்கோடும் ஒத்துப் பார்த்தேன். படத்தைக் கணினியில் நூறு வீதத்துக்குப் பெருப்பித்துப் பார்த்தால் இந்த ஆழமெல்லாம் சுருங்கிவிடும். தெளிவு எங்கே முடிகிறது என்பதற்கு வேலி மாதிரி எல்லை கிடையாது, எவ்வளவு மங்கலை நீங்கள் பொறுப்பீர்கள் என்பதுதான் எல்லை.

முன்னுக்கு ஒரு பங்கு, பின்னுக்கு இரண்டு பங்கு தெளிவாக விழும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், மாமாவும் சொல்வார். எஃப்8இல் முன்னுக்கு 22, பின்னுக்கு 29 சென்ரிமீற்றர், அது ஒன்றுக்கு இரண்டு இல்லை. எஃப்16இல் 40க்கு 67, கொஞ்சம் கிட்ட வருகிறது. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் அந்தக் கணக்குப் பொருந்தும், கிட்டப் போகப் போக முன்னும் பின்னும் சமமாகிவிடும். மாமாவிடம் நாடாவோடு படத்தைக் காட்டினேன். "நாங்கள் கலியாண வீட்டிலை நாடா பிடிச்சனாங்களே" என்றார்.

சின்ன ஓட்டை ஏன் ஆழத்தைக் கூட்டுகிறது என்பதற்குத் திருவிழாவில் வாங்கிய கச்சான் சரைதான் எனக்கு உதவியது. ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸின் வாயை நிரப்பி, பின்னால் சரை மாதிரிக் கூம்பாகி ஒரு நுனிக்கு வருகிறது. நுனி சரியாகச் சென்சரில் விழுந்தால் கூர். கொஞ்சம் முன்னோ பின்னோ விழுந்தால் சென்சர் சரையைக் குறுக்கே வெட்டுகிறது, ஒரு வட்டம் கிடைக்கிறது. வாயகன்ற சரை என்றால் நுனியிலிருந்து சற்று விலகினாலே வட்டம் பெரிது, ஒடுங்கிய நீட்டுச் சரை என்றால் நிறைய விலகினாலும் வட்டம் சிறிதுதான். கைப்பேசியில் எல்லாமே தெளிவாக வருவதும் இதுவே: எஃப்1.8 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், ஆனால் குவியத்தூரம் ஐந்தரை மில்லிமீற்றர் மட்டில் இருந்தால் துவாரம் 3 மி.மீ.தான்.

அப்படியென்றால் 2.5க்கும் கீழே போய் 1 மி.மீ. ஓட்டை போட்டால் என்ன என்று ஆசை வந்தது. போட்டேன். தெளிவு ஆழம் வளவு முழுக்க வந்தது, ஆனால் எதுவும் தெளிவில்லை. துவாரம் சிறுக்கச் சிறுக்க வெளிச்சம் விளிம்பில் வளைந்து விரிகிறது, புள்ளி புள்ளியாக விழாமல் வட்டமாக விழும். எஃப்16இலேயே அந்த வட்டம் 0.02 மி.மீ.ஐத் தாண்டுகிறது. எஃப்16 படத்தில் கதியால் பட்டை எஃப்8இல் இருந்த மாதிரிக் கடிக்கவில்லை என்பதை நான் ஓட்டையின் விளிம்பு கரடு என்று நினைத்து மூன்று தரம் உரைதாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்துத் தீராத விஷயம் அது.

கார்த்திகை வரைக்கும் மழை விட்டபாடில்லை. விளக்கீட்டன்று பின்னேரம் கொஞ்சம் வெளித்தது. அதற்காகவே ஒரு தகட்டில் வட்டத்துக்குப் பதிலாக வேல் வடிவில் வெட்டி வைத்திருந்தேன், உயரம் 14 மி.மீ. படலையடியில் வாழைக்குற்றி நட்டுச் சிட்டி விளக்கு ஏற்றியிருந்தது, மதிலில் வரிசையாக விளக்குகள். 60 சென்ரிமீற்றரில் ஒரு செவ்வரத்தம் பூவை வைத்து அதற்கு ஃபோகஸ் பண்ணினேன். பின்னால் மதிலில் இருந்த ஒவ்வொரு சுடரும் ஒரு வேலாக விரிந்து நின்றது, மங்கல் வட்டம் ஓட்டையின் வடிவத்தை எடுக்கும் என்று தெரிந்திருந்தும் பார்க்க வாய் திறந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் எஃப்5.6 அளவுக்குத்தான் வந்தது, வேல் உயரமாக இருந்தாலும் பரப்பு அவ்வளவுதான்.

மாமா கமராத் திரையைப் பார்த்துவிட்டு, பூவுக்கு முன்னால் லென்ஸுக்குக் கிட்ட இருந்த ஒரு விளக்கைக் காட்டினார். அதன் வேல் தலைகீழாக நின்றது. பூவுக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சச் சரை சென்சருக்கு முன்னமே நுனிக்கு வந்து குறுக்கே தாண்டிப் போகிறது, முன்னால் இருப்பதன் சரை தாண்ட முன்னமே சென்சரில் முட்டுகிறது, அதனால் ஒன்று நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும் விழுகிறது என்று கையால் சரை பிடித்துக் காட்டினேன்.

"அது சரி, சாமியின்ர வேலைத் தலைகீழாப் பிடிக்கப்படாது" என்று விட்டு, குனிந்து அந்த விளக்கை எடுத்துக்கொண்டுபோய் மதிலில் மற்றவைகளோடு வைத்தார். "இப்ப எடு."